அப்பா திறந்த பாட்டில்

என் தம்பி பெக்குயீசே பீர் காய்ச்சி விற்கப் போகிறான். இந்தச் செய்தி எங்கள் மலைக்கு வந்து இரண்டு குளிர்காலம் ஆகிவிட்டது. பீர்தான் இன்னும் வந்து சேரவில்லை.

டர்பன் கடற்கரையில் ஒரு பெரிய ஹோட்டலில் மது ஊற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தவன் அவன். ஹோட்டல் ஆள் குறைத்தபோது இவனையும் குறைத்தது. வேறு யாராக இருந்தாலும் ஊருக்குத் திரும்பும்போது கொஞ்சம் அடக்கமாக வந்து இறங்குவார்கள். இவன் கேப் டவுனில் ஏதோ பயிற்சி வகுப்பில் போய் உட்கார்ந்துவிட்டு, கழுத்தில் மாட்டிய அட்டையைக்கூடக் கழற்றாமல் டாக்ஸியிலிருந்து இறங்கினான். 'பீர் வல்லுநர்' என்று அட்டையில் போட்டிருந்தது. என்ன பீர்டா காய்ச்சப் போகிறாய் என்று கேட்டேன். "அதைத்தான்க்கா முடிவு பண்ணணும்" என்றான். அன்றைக்கு ஆரம்பித்தது எங்கள் தலைவலி.

பீரில் ரகம் ரகமாக இருக்கிறதாம். எங்கள் மலையில் எல்லோருக்கும் தெரிந்த பீர் இரண்டுதான். ஒன்று, முளைகட்டிய சோளத்தில் தோகோ அத்தை காய்ச்சுவது. மற்றது கடையில் வாங்குவது. முதலாவதைப் பானையிலும் இரண்டாவதைப் பாட்டிலிலும் குடித்துவிட்டு நிம்மதியாக இருந்தோம். நாங்கள் எவ்வளவு பெரிய முட்டாள்கள் என்பது இவன் வந்த பிறகுதான் தெரிந்தது. வெளிர் நிறத்தில் பேல் ஏல், அதிலேயே கசப்பைக் கூட்டி இன்னொன்று, கஷாயம் மாதிரிக் கறுப்பாக ஸ்டவுட், கோதுமையில் ஒன்று, வேண்டுமென்றே புளிக்க விட்டு ஒன்று. "எந்த ரகத்தோட முதல்ல இறங்குறோம்கிறதுலதான் எல்லாமே இருக்கு. பீர்க்காரனோட முகமே அதுதான்" என்பான். காலையில் எழும்போது அவனுக்கு ஸ்டவுட் முகம் இருக்கும். வெயில் ஏறியதும் கோதுமை முகம் வந்துவிடும். சாயங்காலம் ரூயிபோஸ் தேயிலை போடலாமா, மருலாப் பழம் போடலாமா, சேப்பங்கிழங்கு போட்டால் உலகத்திலேயே முதல் ஆளாக இருக்கலாமே என்று புதிதாக ஏதாவது முளைக்கும். சேப்பங்கிழங்கு என்று காதில் விழுந்ததும் அம்மா எழுந்து போய்க் கிழங்குக் கூடையை உள்ளே வைத்துப் பூட்டினாள்.

அம்மாவின் பெரிய பானையைப் பிடுங்கி, ஸ்டவுட் காய்ச்சி அவன் ஒரு சோதனை செய்தான். கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினான், கரண்டியை வேகவைத்தான், எங்களையெல்லாம் அடுப்படிக்கு வெளியே நிறுத்தினான். ஒரு கிருமிகூட உள்ளே போகக் கூடாதாம். சில வாரம் கழித்து டாக்ஸி ஓட்டும் ஜெரமையா அண்ணனைப் பிடித்து உட்காரவைத்து, மருந்து அளக்கிற மாதிரி ஒரு சின்னக் கண்ணாடி டம்ளரில் ஊற்றிக் கொடுத்தான்.

"குடிச்சிடாதீங்கண்ணே. முதல்ல மோந்து பாருங்க. என்ன வாசனை வருது?"

"பீர் வாசனை."

"அதுக்குப் பின்னாடி? நல்லா இழுத்துப் பாருங்க. பழம், பூ, புல்லு மாதிரி ஏதாவது?"

ஜெரமையா அண்ணன் கண்ணை மூடி நன்றாக இழுத்தார். "டெலிசிலே தலைக்குத் தேய்ப்பாளே, அந்த எண்ணெ வாசனை வருது" என்றார். டெலிசிலே நான்தான், அவர் பின்னால் நின்றுகொண்டிருந்தேன். பிறகு ஒரே மடக்கில் குடித்துவிட்டு, "நல்லாத்தான் இருக்கு. டம்ளர்தான் ஓட்டை போல, பாதியிலயே தீர்ந்துபோச்சு" என்று எழுந்து போனார். தம்பி அன்று ராத்திரி சாப்பிடவில்லை. ஸ்டவுட்டைக் கைவிட்டுவிட்டதாக மறுநாள் சொன்னான். அதற்கு மறுநாள் அது திரும்பி வந்தது.

இப்படி ஒரு பைத்தியம் தன் பாட்டுக்குத் திரிந்தால் எனக்கென்ன? ஆனால் அவன் கண் அப்பாவின் கடை மேல் விழுந்திருந்தது. என் கண்ணும் அதே கடை மேல்தான் இருந்தது.

நான் தலைமுடி பின்னுகிறவள். டாக்ஸி நிற்கிற இடத்தில் மரத்தடியில் இரண்டு பிளாஸ்டிக் நாற்காலி போட்டுத் தொழில் செய்கிறேன். மழை வந்தால் பாதிப் பின்னல் பின்னிய தலையோடு பெண்கள் நாலாபக்கமும் ஓடுவார்கள். எங்கள் வீட்டு முற்றத்தின் ஓரத்தில், சாலையைப் பார்த்தபடி, அப்பா ரொட்டியும் மண்ணெண்ணெயும் விற்ற கடை பூட்டிக் கிடந்தது. தகரக் கூரை, சிமெண்டுத் தரை, தண்ணீர்க் குழாய், நல்ல வெளிச்சமுள்ள ஜன்னல். அதற்குள் என் நாற்காலியையும் ஒரு கண்ணாடியையும் போட்டுவிட்டால் நான் ராணி. தம்பியோ, "தரையில சரிவு இருக்கு, தண்ணி தானா ஓடும். பீர்க் கொப்பரை வைக்கன்னே கட்டுன மாதிரி இருக்கு" என்று சொல்லித் திரிந்தான். என்ன பீர் என்றே தெரியாதவனுக்குக் கொப்பரை ஒரு கேடு.

அப்பா போய் ஒரு வருஷம் ஆகவில்லை. அதற்குள் அவர் இடத்தை யாருக்கும் எடுத்துக் கொடுக்க முடியாது. வருஷம் முடிந்து கல்லறையிலிருந்து அவர் ஆவியை வீட்டுக்கு அழைத்து வரும் சடங்கு நடந்த பிறகுதான் பேச வேண்டும். பேச வேண்டியவர் அப்பாவின் அண்ணன், கிடியோன் பெரியப்பா. நாங்கள் இருவரும் தனித்தனியாகப் போய் அவர் காதைக் கடித்தோம். கடைசியில் அவர் சலித்துப்போய் இருவரையும் ஒன்றாக நிறுத்தினார்.

"கடை என் தம்பியோடது. அவன் வீட்டுக்கு வர்றப்ப அவன்கிட்டயே கேப்போம். அவன் சொல்றதுதான்."

"அப்பா எப்படிப் பெரியப்பா சொல்லுவார்?" என்று கேட்டேன்.

"சொல்ல வேண்டியவன் சொல்லத் தெரிஞ்சவன்தான். உனக்கு ஏன் அந்தக் கவலை?"

தம்பி உடனே குதித்தான். "அப்போ சடங்குக்கு நானே ஒரு பீர் காய்ச்சுறேன் பெரியப்பா. அப்பா குடிச்சுப் பார்த்துட்டுச் சொல்லட்டும்."

தோகோ அத்தை அப்பாவின் தங்கை. எங்கள் வீட்டுச் சடங்குக்கெல்லாம் அவள்தான் பீர் காய்ச்சுவாள். அவள் முகம் அப்போது போன போக்கை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். "காய்ச்சுடா ராசா. என் பானை பானையா இருக்கட்டும். பக்கத்துல உன் மருந்து டம்ளரையும் வையி. உங்கப்பா எதைத் தொடுறார்னு பார்ப்போம்" என்றாள்.

இனிதான் கூத்து. அப்பாவுக்கு எந்த ரகம்? பேல் ஏல் ஒரு வாளியிலும் ஸ்டவுட் ஒரு வாளியிலும் நுரைத்துக்கொண்டிருந்தன. அப்பா காப்பியைக் கறுப்பாகக் குடிப்பார், ஆகவே ஸ்டவுட் என்று காலையில் சொன்னான். அப்பாவுக்குக் கசப்பு ஆகாது, ஆகவே பேல் ஏல் என்று மத்தியானம் சொன்னான். சடங்குக்கு முந்தைய வாரம், இனித் தள்ளினால் பாட்டிலில் காற்று ஏறாது என்ற நிலைமை வந்த அன்றுதான் அடுப்படிக்குள் போனான். பின்னல் அவிழாமலிருக்க அதன் நுனியை வெந்நீரில் முக்கி எடுப்போம்; அந்த வெந்நீர் வைக்க நானும் அங்கே போயிருந்தேன். என்னை வெளியே போகச் சொல்லவும் அவனுக்கு ஞாபகமில்லை.

அவன் செய்ததை என் இரண்டு கண்ணால் பார்த்தேன். பாட்டிலில் காற்று ஏறி நுரைப்பதற்காக ஸ்டவுட் வாளியில் சர்க்கரை போட்டான். நின்றான். பேல் ஏல் வாளியிலும் போட்டான். மறுபடி நின்றான். இந்த வாளியைப் பார்த்தான், அந்த வாளியைப் பார்த்தான். பிறகு கண்ணில் நீரோடு இரண்டையும் ஒரே தொட்டியில் கவிழ்த்தான். அதற்குப் பிறகு இன்னொரு தரம் சர்க்கரை! கலக்குவதற்குக் கையை நீட்டினான். வேகவைத்த கரண்டி எங்கே இருந்ததோ, அவன் கையில் அகப்பட்டது தோகோ அத்தையின் மரக்கரண்டி. அத்தை அப்போதுதான் தன் சோள பீரைக் கலக்கிவிட்டு அதைச் சொட்டச் சொட்டச் சாய்த்து வைத்திருந்தாள். கிருமி, கிருமி என்று எங்கள் உயிரை வாங்கியவன் அதே கரண்டியால் அடிவரைக்கும் கலக்கினான். பாட்டிலில் ஊற்றி, பார்க்காமலே அவசர அவசரமாக மூடியை அமுக்கினான். பாதி மூடிகள் கோணலாகவே உட்கார்ந்தன. நான் வாயைத் திறக்கவில்லை. அவன் கவிழ்ந்தால் கடை எனக்கு.

சடங்கு நாள் விடிந்தபோது பனி புல்லில் வெள்ளையாகக் கிடந்தது. அப்பாவை அழைத்து வர இலந்தைக் கிளை எடுத்துக்கொண்டு கல்லறைக்குப் போக வேண்டும். மூத்த மகன் கிளையைப் பிடிப்பான். பிடித்தவன் வழியில் வேறு யாரிடமும் பேசக் கூடாது. கிளையில் வருபவரிடம் மட்டும், இதோ ஆற்றைக் கடக்கிறோம், இதோ வளைவு என்று சொல்லிக்கொண்டு வர வேண்டும். ஜெரமையா அண்ணன் டாக்ஸியில் அப்பாவுக்கும் ஒரு சீட்டு காலியாக விட்டிருந்தார். தம்பி போய் வரும்வரை எங்களில் யாரிடமும் ஒரு ரகத்தின் பெயரையும் சொல்லவில்லை. இறங்கிய ஜெரமையா அண்ணன் என்னிடம் மெல்ல, "பாவி, இவ்வளவு நேரம் வாயடக்கி இவன் உயிரோட இருந்ததே பெருசு" என்றார்.

வட்டக் குடிசைக்குள் எல்லோரும் நெருக்கியடித்து உட்கார்ந்தோம். ஆண்கள் வலப்பக்கம், பெண்கள் இடப்பக்கம். நடுவில் அடுப்பு நன்றாக எரிந்தது. வாசலுக்கு எதிரே பின்சுவரோரம் செத்தவர்களுக்கான இடம்; அங்கே வைப்பது விடியும்வரை அப்படியே இருக்கும். கிளையை அங்கே சாய்த்து, ஆட்டுக்கறியை வைத்து, அத்தை தன் சோள பீரைப் பானையோடு வைத்தாள். தம்பி குளிர்ந்த சாமான் அறையிலிருந்து ஒரு பாட்டிலை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்து பானைக்குப் பக்கத்தில் வைத்தான்.

அத்தை அதை எட்டிப் பார்த்தாள். "மூடியத் திற."

"வேணாம் அத்தை. திறந்தா காத்து போயிடும். நாளைக் காலைல செத்த தண்ணி மாதிரி ஆயிடும்."

"செத்தவங்கதானே குடிக்கப்போறாங்க?"

"அவங்களுக்கும் நல்லதாத்தானே குடுக்கணும்?"

"அடேய், மூடி போட்டு வச்சா அவங்க எப்படிடா குடிப்பாங்க? பானையில நாங்க மூடி போடுறோமா? உங்கப்பா ஓபனரை இடுப்புல சொருகிக்கிட்டா மேல போயிருக்கார்?"

பெண்கள் பக்கத்தில் முக்காட்டுக்குள் சிரிப்பு ஓடியது. நான் மறைக்கவே இல்லை, வாய்விட்டுச் சிரித்தேன். முன்னோருக்குப் பூட்டுப் போட்டுப் பீர் வைத்த முதல் ஆள் எங்கள் வம்சத்தில் இவன்தான். தம்பி பிடிவாதமாகப் பாட்டிலின் மேல் கையை வைத்துக்கொண்டு நின்றான். பெரியப்பா இருமினார். சிரிப்பு அடங்கியது. "இருக்கட்டும் விடு" என்று சொல்லி, மூலிகைக் கட்டைப் பற்றவைத்தார். புகை எழுந்ததும் தொப்பியைக் கழற்றி மண்டியிட்டார்.

"நொந்தாபா!" என்று குலப்பேரைச் சொல்லித் தன் தம்பியை அழைத்தார். "வீட்டுக்கு வந்துட்ட. இது உன் அடுப்பு, இது உன் ஜனம். உன் பொண்ணு உன் கடையில தலை பின்னணும்கிறா. உன் பையன் பீர் காய்ச்சணும்கிறான். பீர் கொண்டு வந்திருக்கான். அது என்ன பீருன்னு எனக்குத் தெரியல, அவனுக்கும் தெரியல. நீயே பார்த்துச் சொல்லு."

சொல்லிவிட்டுத் தலை குனிந்தார். அடுப்பில் விறகு வெடிக்கும் சத்தம் மட்டும் கேட்டது. பின்சுவரோரம் எங்கோ மெல்லியதாக ஒரு சீறல். நான் பாட்டிலைப் பார்த்தேன். கோணல் மூடிக்குக் கீழே நுரை ஒரு கீற்றாகக் கசிந்துகொண்டிருந்தது. எனக்குப் புரிந்துவிட்டது. தம்பிக்கும் புரிந்துவிட்டது, அவன் வாய் திறந்தபடி நின்றது.

டப்!

மூடி பறந்து போய்க் கூரைப் புல்லில் செருகிக்கொண்டது. பாட்டில் நின்ற இடத்திலேயே நின்றது. அதன் வாயிலிருந்து நுரை சீறித் தெறித்து, பொங்கிப் பொங்கி வழிந்தது. சாணம் மெழுகிய தரை ஒரு சொட்டு மிச்சம் வைக்காமல் அதைக் குடித்தது.

பெரியப்பா மெல்லத் தலையை நிமிர்த்தினார். அவர் தாடி முழுக்க நுரை. கண் கலங்கியிருந்தது.

"என் தம்பி," என்றார், "பொறந்ததுலேர்ந்து ஒரு நாளும் ஓபனர் தேடினதில்ல."

உண்மைதான். அப்பா எந்தப் பாட்டிலையும் கடையின் கவுண்டர் பலகை விளிம்பில் வைத்து உள்ளங்கையால் ஒரே தட்டுத் தட்டித்தான் திறப்பார். டப் என்று இதே சத்தம்தான் வரும். பலகை விளிம்பெல்லாம் பள்ளம் பள்ளமாக இருக்கும். அந்தச் சத்தத்தைக் கேட்டுத்தான் அம்மா சோற்றை எடுத்து வைப்பாள்.

பெண்கள் குலவையிட்டார்கள். ஆண்கள் குலப்பேரைச் சொல்லிக் கத்தினார்கள். சர்க்கரை இரண்டு தரம் விழுந்தது எனக்குத் தெரியும். மூடி கோணலாக உட்கார்ந்தது தெரியும். அதையெல்லாம் சொல்ல நாக்கு நுனிக்கு வந்தது. அப்போது அம்மா எழுந்து, கூரையிலிருந்து அந்த மூடியை எட்டிப் பிடுங்கி, கைக்குட்டையில் முடிந்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டாள். ஒரு வருஷமாக நான் பார்க்காத சிரிப்பு அவள் முகத்தில் இருந்தது. நான் வாயை மூடிக்கொண்டேன். எனக்கும் அப்பா வேண்டும்தானே. எல்லாம் தெரிந்தும், அந்த டப் சத்தத்தில் எனக்கும் ஒரு கணம் உடம்பு சிலிர்த்தது. அதற்காகத் தம்பியின் மேல் கோபம் கோபமாக வந்தது.

மீதிப் பாட்டில்களை முற்றத்தில் வைத்துத் திறந்தோம். திறந்தவர் சட்டையெல்லாம் நனைந்தது. குடித்துப் பார்த்தேன். சனியன், நன்றாக இருந்தது. கறுப்பும் இல்லை, வெளுப்பும் இல்லை; முதலில் கருகிய வாசனை, பிறகு கசப்பு, கடைசியில் அத்தையின் பானைப் புளிப்பு. ஜெரமையா அண்ணன் இந்தத் தடவை மோந்து பார்க்கவில்லை, பாட்டிலோடு கவிழ்த்தார். பெரியப்பா சாவியை எடுத்துத் தம்பியின் கையில் கொடுத்தார். என்னைப் பார்த்து, "உனக்கும் ஏதாவது சொல்லியிருந்தான்னா நானே குடுத்திருப்பேம்மா" என்றார். வல்லுநர் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு கடையைத் திறக்கப் போனார்.

நான் மரத்தடிக்குப் போனேன். மழைக்காலம் வந்தது.

மலை முழுக்கக் கதை பரவிவிட்டது. கடைக்கு முன்னால் ஆட்கள் வந்து நிற்பார்கள். "உங்கப்பா திறந்தாரே, அந்த பீர் இருக்கா?" என்று கேட்பார்கள். இவன் பேல் ஏலை நீட்டுவான். "இது இல்லப்பா." ஸ்டவுட்டை நீட்டுவான். "இதுவும் இல்ல." இரண்டையும் கலந்து நீட்டுவான். குடித்துவிட்டு முகத்தைச் சுளிப்பார்கள். கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினான், கரண்டியை வேகவைத்து வேகவைத்து வெளுக்கச் செய்தான். ஒன்றும் நடக்கவில்லை. எதை எவ்வளவு, எத்தனை தரம் போட்டான் என்பது அவனுக்கே ஞாபகமில்லை. இரண்டு வருஷமாக என்ன காய்ச்சுவது என்று தெரியாமல் நின்றவனுக்கு ஊரே கூடி ஒரு ரகத்தைத் தேர்ந்தெடுத்துக் கொடுத்துவிட்டது. அதை மட்டும் அவனுக்குக் காய்ச்சத் தெரியவில்லை.

ஒரு நாள் நல்ல மழை. நான் நனைந்துகொண்டு நாற்காலிகளைத் தலையில் கவிழ்த்தபடி வீட்டுக்கு ஓடிவந்தேன். தம்பி கடை வாசலில் குடையோடு காத்திருந்தான். பார்க்கவே சகிக்கவில்லை, கன்னம் ஒட்டிப்போயிருந்தது.

"அக்கா, அன்னிக்கு நான் பாட்டில்ல ஊத்துறப்ப நீ அடுப்படிலதானே இருந்த?"

"இருந்தேன்."

"நான் என்ன செஞ்சேன்னு பார்த்தியா?"

"பார்த்தேன்."

"எல்லாத்தையுமா?"

"அப்பா கடையில பாதி என்னோடதுன்னு சொல்லு. எல்லாம் ஞாபகம் வரும்."

அவன் முகம் போன போக்கு அத்தையின் முகம் போன போக்குக்குக் குறைந்ததில்லை. "அக்கா, இது அநியாயம். அப்பா எனக்குத்தான் சொன்னார்."

"அப்பா மூடியத் திறந்தார். அவ்வளவுதானே? அதுக்குள்ள என்ன கலந்ததுன்னு அவர் உன்கிட்ட சொன்னாரா? போய்க் கிளையப் பிடிச்சிக்கிட்டுக் கேளு."

மழை தகரத்தில் கொட்டியது. அவன் யோசித்தான். இந்த மூஞ்சியை எனக்குத் தெரியும். ஸ்டவுட்டா, பேல் ஏலா என்று நிற்கிற அதே மூஞ்சி. விட்டால் வெயில் காலம் வரைக்கும் நிற்பான். "சர்க்கரையை நீ ரெண்டாந்தரமும் போட்டே" என்று கொசுறாக ஒன்றைச் சொன்னேன். அவன் கண் விரிந்தது.

"அப்புறம்?"

"அப்புறம்தான் முக்கியமானது. அது நாற்காலி உள்ள வந்ததுக்கப்புறம்."

"சரிக்கா! சரி. பாதி உனக்கு." சொல்லிவிட்டு உள்ளே திரும்பிப் பார்த்தான். "எந்தப் பாதின்னுதான்... ஜன்னல் பக்கம் குடுத்தா எனக்கு வெளிச்சம் போயிடும். கவுண்டர் பக்கம் குடுத்தா அப்பாவோட பலகை... கொஞ்சம் இரு, யோசிச்சுச் சொல்றேன்."

அவன் யோசித்துக்கொண்டிருக்கும்போதே நான் இரண்டு நாற்காலியையும் ஜன்னலோரம் போட்டு, என் ஈரத் துண்டை அப்பாவின் பலகை மேல் காயப்போட்டேன்.